மரம் ஏறும் திராட்சை: கம்பானியா நாட்குறிப்பு

திங்கள், பாம்பேய்

ஒயினைத் தேடி இத்தாலிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே டஸ்கனிக்கோ பியட்மாண்ட்டுக்கோ போய்விடுகிறார்கள். அங்கே அழகான பண்ணை வீடுகள் உண்டு, ஆங்கிலம் பேசும் வழிகாட்டிகள் உண்டு, படம் பிடிக்கத் தோதான சைப்ரஸ் மர வரிசைகளும் உண்டு. நான் வந்திருப்பது தெற்கே, நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட கம்பானியா மாநிலத்துக்கு. உலகம் முழுக்க ஏழெட்டுப் பிரெஞ்சுத் திராட்சைகளையே நட்டு, எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே ஒயினை எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் இந்த மாநிலம் தன் சொந்தக் கொடிகளைக் கைவிடவில்லை. அல்யானிகோ, பியெதிரோஸ்ஸோ, ஷாஷினோசோ, ஃபியானோ, கிரேக்கோ, ஃபலாங்கினா, கோதா டி வோல்பே, அஸ்ப்ரீனியோ, பியாங்கொலெல்லா என்று பட்டியல் நீளும். ஃபலாங்கினா என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு திராட்சைகள் இருப்பதை மரபணு ஆய்வு வந்த பிறகே கண்டுகொண்டார்கள். அந்த அளவுக்கு நெரிசல்.

செப்டம்பர் கடைசி வாரம். வெள்ளைத் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருக்கிறது. சிவப்பு இன்னும் கொடியில்தான்.

வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயில் கூட்டம் எல்லாம் பெரிய சதுக்கத்தையும் சாம்பலில் உறைந்த மனிதர்களையும் பார்க்க ஓடுகிறது. நான் நேரே கிழக்குக் கோடிக்கு, பழைய விளையாட்டரங்கத்தின் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு தெருத் தொகுதி முழுவதும் திராட்சைத் தோட்டம். நெடுங்காலம் அதை மாட்டுச் சந்தை என்றே நினைத்திருந்தார்கள். 1960களில் வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அந்த மண்ணைத் தோண்டியபோது சிறு சிறு ஓட்டைகள் தென்பட்டன. கி.பி. 79இல் வெசூவியஸ் கொட்டிய கற்களுக்கு அடியில் வேர்கள் மக்கிப்போய், அவை இருந்த இடம் மட்டும் வெற்றிடமாக நின்றிருக்கிறது. ஓட்டையில் விழுந்திருந்த எரிமலைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கம்பி செருகி, சிமென்ட் ஊற்றி, இறுகிய பின் சுற்றியிருந்த மண்ணை விலக்கினார்கள். வேரின் உருவம் அப்படியே வந்தது. பக்கத்திலேயே கொடியைத் தாங்கிய கழியின் ஓட்டை. இப்படி எண்ணி எடுத்த கொடிகள் 2,000க்கும் மேல்.

எனக்கு இது அரண்மனை ஓவியங்களைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு தோட்டக்காரன் எத்தனை அடி இடைவெளி விட்டான், கழியை எந்தப் பக்கம் ஊன்றினான் என்பதைச் சாம்பல் காப்பாற்றி வைத்திருக்கிறது. 1996இல் மஸ்த்ரோபெரார்தினோ என்ற ஒயின் குடும்பம் தொல்லியல் துறையுடன் சேர்ந்து பாம்பேய்க்குள் மீண்டும் கொடி நடத் தொடங்கியது. 2001 அறுவடையில் முதல் ஒயின் வந்தது. பியெதிரோஸ்ஸோவும் ஷாஷினோசோவும்தான் முதலில் நட்டவை. நான் போன நேரம் பியெதிரோஸ்ஸோ குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. குலைக்காம்பு புறாவின் கால் நிறத்தில், சிவப்பும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் இருக்கிறது. நேப்பிள்ஸ் வட்டாரத்தில் இதைப் புறாக்கால் என்றே அழைக்கிறார்கள்.

ஊருக்குள் ஒரு சுவரில் கிடைத்த கிறுக்கல் பிரசித்தம். கடைக்காரியின் பெயர் ஹெதொனே. ஒரு காசு கொடுத்தால் இங்கே குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் இதைவிட நல்லதாகக் குடிக்கலாம், நான்கு கொடுத்தால் ஃபலேர்னியன் குடிக்கலாம் என்று விலைப்பட்டியல் போட்டிருக்கிறாள். ஃபலேர்னியன் என்பது இதே கம்பானியாவின் வடக்கு ஓரத்தில், மாஸ்ஸிகோ மலையடிவாரத்தில் விளைந்த உயர்தர ஒயின். அது உண்மையான ஃபலேர்னியன்தானா என்று கேட்டுவிட்டு நான்காவது காசைக் கொடுத்தவன் எவனும் இருந்திருக்க மாட்டான்.

மாலையில் பக்கத்து ஊரான பொஸ்கொரியாலேக்குப் போனேன். அங்கே ‘வில்லா ரெஜினா’ என்ற சிறு பண்ணை வீடு. முற்றத்தில் 18 பெரிய மண் தாழிகள் வாய் மட்டும் வெளியே தெரியும்படி மண்ணுக்குள் புதைந்திருக்கின்றன. திராட்சையைப் பிழிந்து இந்தத் தாழிகளில் ஊற்றி, மூடி போட்டு நொதிக்க விட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மண், அதனால் சூடும் குளிரும் ஒரே சீர். முதலாளியின் மாளிகை என்று எதுவும் இல்லை. உழைக்கிறவன் வீடு, அவனுடைய தாழிகள், அவ்வளவுதான்.

தாழியிலிருந்து கப்பலுக்குப் போகும்போது ஒயின் கூர் அடிச் சாடிக்கு மாறும். நேப்பிள்ஸ் வளைகுடாவில் சுட்ட சாடிகளை உடைத்துப் பார்த்தால் களிமண்ணில் கருமணல் துகள்கள் மின்னும். வெசூவியஸ் வட்டாரத்து எரிமலை மணல் அது. அந்தக் கருமணல் சாடி ஓடுகள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பற்றிய சங்கப் பாட்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை இங்கே எடுத்து எழுதப் போவதில்லை. பாட்டைவிட ஓட்டுச்சில் உறுதியான சாட்சி. இந்த மண்ணின் சாறு நம் கரையில் இறங்கியிருக்கிறது.

செவ்வாய், இஸ்கியா தீவு

படகு தாமதம். எவ்வளவு தாமதம் என்று டிக்கெட் சன்னலில் கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். தீவில் இருந்த நேரம் குறைவு, எழுதவும் குறைவே.

கிரேக்கர்கள் மேற்கே வந்து குடியேறிய மிகப் பழைய இடங்களில் இது ஒன்று, கி.மு. 8ஆம் நூற்றாண்டு. லாக்கோ அமேனோ அருங்காட்சியகத்தில் ‘நெஸ்டோர் கிண்ணம்’ இருக்கிறது. 1954இல் ஒரு கல்லறையில் துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டவைத்திருக்கிறார்கள். இந்தக் கிண்ணத்தில் குடிப்பவனை அழகிய முடி தரித்த காதல் தெய்வம் அஃப்ரோதிதெயின் ஆசை உடனே பற்றிக்கொள்ளும் என்று அதில் மூன்று வரி கீறியிருக்கிறது. கிரேக்க எழுத்தில் கிடைத்த மிகப் பழைய வாசகங்களில் ஒன்று குடிகாரர் கேலியாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தோட்டங்கள் எபொமேயோ மலைச்சரிவில். மலை 789 மீட்டர். பச்சை நிற எரிமலைக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் மேல் மண் நிரப்பி, ஆள் அகலப் படிகளில் பியாங்கொலெல்லாவும் ஃபொராஸ்தெராவும் நட்டிருக்கிறார்கள். டிராக்டர் என்ற பேச்சே கிடையாது. ஒரு தோட்டத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து போகும் சிறு வண்டி மட்டும் பார்த்தேன். பெட்டிகளை அதில் ஏற்றிவிட்டு ஆட்கள் நடந்தே வருகிறார்கள். 1966இலேயே அரசின் தரச்சான்று பெற்ற ஒயின் இது. அப்படியும் சுவர் கட்டத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்று புலம்பல். ஓட்டல் வேலையில் மாதச் சம்பளம் வரும்போது எவன் கல் அடுக்குவான்?

புதன், அவெர்சா

நேப்பிள்ஸில் இலங்கையர் நிறைய. பெரும்பாலோர் சிங்களவர், தமிழரும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தலை நரைத்த ஒரு அண்ணன் எனக்குக் கார் ஓட்டவும் மொழிபெயர்க்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒயின் ஒரு சொட்டும் தொடாதவர். ஆனால் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஏக்கருக்கு என்ன வரும், கூலி என்ன, போத்தல் என்ன விலை என்று முதலில் அவர்தான் கேட்கிறார். அதனாலேயே எனக்குப் பல விஷயங்கள் தெரிய வருகின்றன.

நேப்பிள்ஸுக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் வந்தால் அவெர்சா. சமவெளி. நெடுஞ்சாலை, அடுக்குமாடி வீடுகள், டயர் கடை, எருமைப் பண்ணை, நடுநடுவே வயல். அழகான ஊர் என்று சொல்ல முடியாது. காரிலிருந்து பார்த்தபோது தூரத்தில் ஒரு பச்சைச் சுவர் தெரிந்தது. நாலு மாடி உயரம் இருக்கும். வேலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனால், இலைகளுக்குள் திராட்சைக் குலைகள். தலைக்கு மேலே, அதற்கும் மேலே, கழுத்து வலிக்கும் மட்டும் குலைகள்.

வரிசையாகப் போப்லர் மரங்கள். ஒவ்வொரு மரத்தின் அடியிலிருந்தும் திராட்சைக் கொடி ஏறி, கிளைகளைப் பற்றி, ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே கட்டிய கம்பிகளில் படர்ந்து, பதினைந்து மீட்டர் வரை போகிறது. இதற்கு ‘அல்பெராதா’ என்று பெயர். மரத்துக்கு மணம் முடித்துக் கொடுத்த கொடி என்பது இங்குள்ள பேச்சு வழக்கு. திராட்சையின் பெயர் அஸ்ப்ரீனியோ. கிரேக்கர் வருவதற்கு முன்பே இத்தாலியின் பழைய குடிகளான எட்ருஸ்கர்கள் கொடியை இப்படி மரத்தில் ஏற்றிப் பழகியிருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஏணியைச் சொல்ல வேண்டும். செஸ்நட் மரத்தில் செய்தது. ஒரு பாதம் வைக்கும் அகலம்தான், நீளமோ மரத்தின் உச்சி மட்டும். ‘ஸ்கலில்லோ’ என்கிறார்கள். படிகளின் இடைவெளி அவருடைய கால் அளவுக்கு வைத்துச் செய்தது. தம்பியால் இதில் வேலை செய்ய முடியாது, அவன் குட்டை என்றார். தம்பி கீழே நின்றபடி சிரித்தார்.

ஏறும் விதத்தை நான் வெகு நேரம் பார்த்தேன். குலை இருக்கும் உயரம் வந்ததும் இடது காலை ஒரு படிக்குள் விட்டு, முழங்காலை மடித்து மேல் படியில் பூட்டிக்கொள்கிறார். இப்போது இரண்டு கையும் விடுதலை. உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, இடது கையால் குலையைத் தாங்கி, வலது கையால் வெட்டி, பக்கத்துக் கிளையில் கொக்கியில் தொங்கும் கூடைக்குள் வைக்கிறார். போடுவதில்லை, வைக்கிறார். கூடைக்கு ‘ஃபெஷினா’ என்று பெயர். மேலே அகன்று கீழே ஈட்டிபோலக் கூராக முடியும் கூடை. நிறைந்ததும் கயிற்றில் மெல்ல இறக்குகிறார். உழுத மண்ணில் கூர்முனை பொசுக்கென்று இறங்க, கூடை சாயாமல் நிமிர்ந்து நிற்கிறது. கீழே பிடித்து வாங்க ஓர் ஆள் தேவையில்லை. தம்பி பொறுமையாக நடந்து வந்து பெட்டியில் கொட்டிவிட்டு, கயிற்றை இரண்டு முறை சுண்டுகிறார். கூடை மேலே போகிறது. பேச்சே இல்லை.

எதற்காக இவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு நான் மொழிபெயர்க்கச் சொல்லும் முன்பே விடை தெரிந்துவிட்டது. நிலம் போதாது தங்கச்சி, வேறென்ன என்றார். அதேதான். இந்தச் சமவெளியில் கயிறும் துணியும் செய்யும் ஹெம்ப் சணல் முக்கியப் பயிராக இருந்தது. கோதுமையும் மக்காச்சோளமும் உண்டு. கொடியை மரத்தில் ஏற்றிவிட்டால் தரை முழுவதும் மற்றப் பயிருக்கு. வேலிக்கு வேலி, விறகுக்கு விறகு, வெட்டிய தழை மாட்டுக்கு. போதாததற்கு, தாழ்வான ஈர நிலத்தில் குலை உயரத்தில் இருந்தால் மூடுபனி தொடாது, பூஞ்சணம் குறையும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சணல் பயிர் செத்துப்போனது. அதோடு மரத்தில் கொடி ஏற்ற வேண்டிய அவசியத்தில் பாதியும் போய்விட்டது.

ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் கம்பானியாவில் கொடிகள் போப்லர் மரங்களை மணந்துகொள்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். கொடி அவ்வளவு உயரம் போவதால், கூலிக்குத் திராட்சை பறிக்க வருகிறவன் தன் சிதைக்கும் கல்லறைக்கும் ஆகும் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வானாம். எழுதியவர் கி.பி. 79இல் இதே வளைகுடாவில், ஸ்டாபியே கரையில், எரிமலைப் புகையில் இறந்தார். பறிப்பவன் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போன ஆண்டு காப்பீடு எடுக்க ஒரு முகவரை வரவழைத்தாராம். வந்தவர் ஏணியை அண்ணாந்து பார்த்தார், காபி குடித்தார், போய்விட்டார். இன்னும் பதில் வரவில்லை.

வெட்டு முடிந்தாலும் வேலை முடியாது. குளிர்காலத்தில் இதே ஏணியில் ஏறிக் கவாத்து செய்து, ஒவ்வொரு கிளையையும் வில்லோ மரத்தின் இளம் மிலாறால் கட்ட வேண்டும். பெரியவர் ஒரு கட்டுப் போட்டுக் காட்டினார். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நுனியை உள்ளே செருகல். மூன்று நொடி. நான் கட்டியது இலை அசைந்ததும் அவிழ்ந்தது. ஒரு மரத்துக்கு இப்படி எத்தனை கட்டு வரும் என்று அண்ணன் கேட்டார். எண்ணத் தொடங்கினால் வேலை ஓடாது என்று பதில் வந்தது.

பிள்ளைகள்? ஒருவன் மிலானில், ஒருத்தி பள்ளி ஆசிரியை. ஏணி யாருடைய காலுக்கும் பொருந்தாது.

வியாழன், அவெர்சா, தொடர்ச்சி

நேற்று இருட்டிவிட்டதால் நிலவறையை இன்று பார்த்தேன். வீட்டு முற்றத்திலிருந்து செங்குத்தான படிகள் இறங்குகின்றன. இந்த ஊரே மஞ்சள் எரிமலைக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வீடு கட்டக் கல் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய குழி நிலவறை ஆனது. மேலே வெயில் கொளுத்தினாலும் கீழே சட்டைக்கு மேல் ஒரு சட்டை வேண்டும்.

அஸ்ப்ரீனியோ நாக்கில் பட்டதும் எலுமிச்சை நினைவு வரும் அளவுக்குப் புளிப்பு. அதனாலேயே நுரைக்கும் ஒயின் எடுக்கவும் தோது. மரத்தின் அடியில் உள்ள குலைக்கும் உச்சியில் உள்ள குலைக்கும் பழுத்த பதம் வேறு. உச்சிக் குலையைத் தின்றுபார்த்தேன், பல் கூசியது. தனியாகக் குடித்தால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எருமைப்பால் மொட்சரெல்லாவை வாயில் போட்டு அந்தக் கொழுப்பு நாக்கில் படர்ந்த பிறகு ஒரு வாய் குடித்தபோதுதான் ஒயினின் நியாயம் புரிந்தது. ஊர்ச் சாப்பாட்டுக்கு என்று ஏற்பட்ட ஒயின். சீமைத் திராட்சை, பச்சை ஆப்பிள், ஈரக் கல் என்று வாசனைகளை அடுக்கும் ஒயின் எழுத்தாளர்களின் பட்டியலை நான் எழுதுவதாக இல்லை.

இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியத் திராட்சைகளை வேரோடு தின்றது. அதன் பிறகு எல்லா இடத்திலும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள். எரிமலை மணலில் அந்தப் பூச்சி நடமாட முடியாது. அதனால் கம்பானியாவின் பல மூலைகளில் கொடி இன்னும் தன் சொந்த வேரில் நிற்கிறது. பெரியவரின் தோட்டத்திலும் அப்படித்தான். ஒரு கொடி பட்டுப்போனால் பக்கத்துக் கொடியின் கிளையை மண்ணில் புதைத்துப் பதியன் போடுகிறார். நாற்றுப் பண்ணைக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பது அவர் சொல்லும் காரணம்.

அவெர்சா அஸ்ப்ரீனியோவுக்கு 1993இல் டி.ஓ.சி. தரச்சான்று கிடைத்தது. நம்மூர்ப் புவிசார் குறியீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது பெரும்பாலான அஸ்ப்ரீனியோ இடுப்பு உயர வரிசைகளில் வளர்கிறது. மரத்தில் ஏறியதை லேபிளில் ‘அல்பெராதா’ என்று தனியாகப் போடலாம். போட்டால் விலை கூடுகிறதா என்று அண்ணன் கேட்டார். கூடுகிறது, கூலிக்கு எட்டும் அளவுக்குக் கூடுவதில்லை என்றார் தம்பி.

வெள்ளி, டூஃபோ

கடற்கரைச் சமவெளியை விட்டு உள்நாட்டு மலைகளுக்கு வந்துவிட்டோம். இந்த வட்டாரம் இர்ப்பீனியா, அவெல்லீனோ மாவட்டம். நேப்பிள்ஸின் இரைச்சல் இல்லை, எருமை இல்லை. ஹேசல்நட் தோப்பும் செஸ்நட் காடும் மாறி மாறி வருகின்றன. மாலையில் குளிர்கிறது.

சபாத்தோ ஆற்றங்கரையில் டூஃபோ சின்ன ஊர். இங்கே கந்தகம் வெட்டினார்கள். 1866இல் கண்டுபிடித்த சுரங்கம், 1983இல் மூடப்பட்டது. இடிந்த கட்டடங்களும் துருப்பிடித்த இரும்பும் ஆற்றோரம் அப்படியே கிடக்கின்றன. ஒயினுக்கும் கந்தகத்துக்கும் என்ன உறவு என்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் திராட்சையில் சாம்பல் நோய் பரவியபோது அதற்கு ஒரே மருந்து கந்தகத் தூள்தான். டூஃபோவில் வெட்டி அரைத்த கந்தகம் தோட்டங்களுக்குப் போனது. ஆண்கள் பகலில் சுரங்கத்தில், மாலையிலும் ஞாயிறும் தங்கள் துண்டு நிலத்துக் கொடிகளில். சுரங்கக் கூலியில்தான் தோட்டம் நிலைத்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

திராட்சை கிரேக்கோ. கிரேக்கோ டி டூஃபோ என்ற பெயரில் விற்க எட்டு ஊர்களுக்கு மட்டும் உரிமை. 2003இல் மிக உயர்ந்த தரச்சான்றான டி.ஓ.சி.ஜி. கிடைத்தது. ஒயின் வெளிறிய வெள்ளையாக இல்லாமல் பொன் நிறத்தில், வாய் நிறைய, உப்புக் கரிப்புடன் இருக்கிறது. குளிரவைத்த சிவப்பு ஒயின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

நாங்கள் போன இடத்தில் ஒயின் எடுக்கும் பொறுப்பு ஓர் இளம்பெண்ணிடம். அவெல்லீனோ ஒயின் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளி 1879இல் வந்தது. அதற்கு முன்கை எடுத்தவர் இதே மாவட்டத்தில் பிறந்த இலக்கிய விமரிசகர் ஃபிரான்செஸ்கோ தெ சாங்க்டிஸ். இலக்கிய விமரிசகர் ஒருவரால் உருப்படியாக ஒரு காரியம் நடந்ததற்கு ஆதாரம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

நேற்று அஸ்ப்ரீனியோ குடித்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் கிரேக்கோ ஊற்றிய கிண்ணத்தைச் சுட்டிக்காட்டி, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்றார். மரபணுவைப் பரிசோதித்தபோது இரண்டும் ஒரே திராட்சை என்று தெரிந்ததாம். அண்ணன் இரண்டு முறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இரவு முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு கொடியிலும் மூட்டை மூட்டையாகக் காய்த்து, பாதிப் பழுப்பில் இறங்கும் புளிப்புத் திராட்சை. மலைச்சரிவில், கந்தகமும் சுண்ணாம்பும் களியும் கலந்த மண்ணில், ஒரு கொடிக்குச் சில குலைகள் என்று அளந்து விட்டு, நன்றாகப் பழுத்த பின் வெட்டும் பொன்னிறத் திராட்சை. விதை ஒன்று. சொந்தத் திராட்சையைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிரேக்கோவின் தண்டை நாற்றுப் பண்ணையில் பத்திரமாக வைத்திருக்கலாம், அதற்கு ஆபத்தில்லை. அஸ்ப்ரீனியோவை எந்தப் பண்ணையில் வைப்பது? அது கொடியில் இல்லை, ஏணியிலும் வில்லோ மிலாற்றிலும் அந்தப் பெரியவரின் முழங்காலிலும் இருக்கிறது. அவெர்சாக்காரர்களிடம் மரபணுச் செய்தியைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று அந்தப் பெண் சிரித்தார். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சனி, தவுராசி

கம்பானியாவின் பெரிய சிவப்பு ஒயின் தவுராசி. கலோரே ஆற்றின் இருபக்கமும் பதினேழு ஊர்களில் விளையும் அல்யானிகோவில் எடுப்பது. 1993இல் டி.ஓ.சி.ஜி., தீவுகள் நீங்கலான தெற்கு இத்தாலிக்குக் கிடைத்த முதல் டி.ஓ.சி.ஜி. இதுதான்.

அல்யானிகோ பிடிவாதக்காரத் திராட்சை. முதலில் துளிர்க்கும் கூட்டத்தில் இருக்கும், கடைசியில் பழுக்கும். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் வரை வெட்ட மாட்டார்கள். சில ஆண்டுகளில் மேல்சரிவில் பனி விழுந்த பிறகு வெட்டியதும் உண்டு. இப்போது ஒரு மணியைப் பறித்துக் கடித்தேன். தோல் கறுத்து, மேலே மாவு பூசியதுபோல அழகாக இருக்கிறது. உள்ளே புளிப்பு. தோலை மென்றதும் நாக்கும் ஈறும் உலர்ந்து இறுகின, வாழைப்பூத் துவர்ப்பு. விதையைக் கடித்துப் பார், இன்னும் பச்சை என்றார் தோட்டத்து மூத்தவர். விதை பழுப்பாகி, கடித்தால் வறுத்த கொட்டைபோல முறிந்தால்தான் வெட்டலாமாம். கருவி வைத்துச் சர்க்கரை அளப்பதும் உண்டு, ஆனால் முடிவு பல்லில்தான்.

இந்தத் துவர்ப்பை அடக்கக் காலம் வேண்டும். சட்டப்படி மூன்று ஆண்டு வைத்திருந்த பிறகே தவுராசி என்று விற்கலாம், அதில் ஓராண்டாவது மரப்பீப்பாயில். ‘ரிசெர்வா’ என்றால் நான்கு ஆண்டு. நல்ல போத்தல் முப்பது நாற்பது ஆண்டு தாங்கும். 1968ஆம் ஆண்டு மஸ்த்ரோபெரார்தினோ தவுராசியைப் பற்றி இங்கே தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த நிபுணர்கள் எல்லாம் அல்யானிகோவைப் பிடுங்கிவிட்டு நன்றாகக் காய்க்கும் வடக்கத்தித் திராட்சைகளை நடச் சொன்னார்கள். பலர் நட்டார்கள். அந்தோனியோ மஸ்த்ரோபெரார்தினோ கேட்கவில்லை. அவர் 2014இல் காலமானார். ஃபியானோவும் கிரேக்கோவும் இன்று கடையில் கிடைப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பழைய தோட்டம் ஒன்றைக் காட்டினார்கள். கொடிகள் தொப்பூழ் உயரத்தில் மரமாகவே பருத்து, முறுக்கிக்கொண்டு, உள்ளே பொள்ளலாகி நிற்கின்றன. தலைக்கு மேலே நான்கு கைகளாகப் பிரிந்து நான்கு திசையில் செஸ்நட் கழிகளுக்குப் போகின்றன. இதற்கு ‘ஸ்தார்சேத்தா’ என்று பெயர். கொடிக்குக் கீழே அவரையும் கோதுமையும் போடுவார்களாம். அவெர்சாவில் மரத்துக்கு மேல் நடந்த கணக்கு இங்கே பந்தலில் நடந்திருக்கிறது. சில கொடிகள் நூறு வயதைத் தாண்டியவை, சொந்த வேரில் நிற்பவை. ஒரு பொள்ளலுக்குள் கையை விட்டேன், முழங்கை வரை போனது. மேலே குலைகள் தளதளவென்று இருக்கின்றன.

1980 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழரை மணி. ஏறக்குறைய 90 நொடி நிலம் ஆடியது. இர்ப்பீனியாவிலும் அக்கம்பக்கத்திலும் கிட்டத்தட்ட 3,000 பேர் இறந்தார்கள். இந்தக் குடும்பத்தின் பாட்டி அப்போது இளம்பெண். அறுவடை முடிந்து சில நாள்தானாம். புது ஒயின் இன்னும் தொட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்தது, நிலவறை நின்றது. குடும்பம் முழுவதும் பல வாரம் கூடாரத்தில். ஆனால் தினமும் இரண்டு வேளை மாமனார் உள்ளே போய் ஒயினைக் கிளறிவிட்டு வந்தார். கூரை எந்த நேரமும் விழலாம் என்று தெரிந்தேதான் போனார். கிளறாவிட்டால் வினிகராகிவிடும் என்று பாட்டி சாதாரணமாகச் சொன்னார். பிறகு ஊரில் பாதிப் பேர் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்து அண்ணன் இதை மொழிபெயர்த்த பிறகு வெகு நேரம் எதுவும் கேட்கவில்லை, விலைகூட.

மதியச் சாப்பாட்டில் தோட்டத்து மூத்தவருக்கும் அவருடைய தம்பிக்கும் வாக்குவாதம். தம்பிக்குப் பழைய ஸ்தார்சேத்தா தோட்டத்தைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வரிசை போட வேண்டும். டிராக்டர் போகும், பாதி ஆள் போதும், அளவாகக் காய்க்கும், ஒயினும் செறிவாக இருக்கும் என்கிறார். அதில் தவறு ஒன்றும் இல்லை. இன்று நல்ல தவுராசி பெரும்பாலும் அப்படி வளர்வதுதான். அந்தக் கொடியைப் பிடுங்க எனக்கு முன்னால் செத்தவர்களிடம் கேட்டு வா என்கிறார் மூத்தவர். மூத்தவரின் மனைவிக்கு இரண்டிலும் ஆர்வம் இல்லை. கணக்குப் புத்தகம் அவரிடம். இந்த ஆண்டு வெட்டும் அல்யானிகோவுக்குப் பணம் வர நான்கு ஆண்டு ஆகும், அதுவரை பீப்பாய்க்கும் வங்கி வட்டிக்கும் எங்கிருந்து கொடுப்பது என்று கேட்டார். பக்கத்து ஊரான லாப்பியோவில் ஒரு துண்டு ஃபியானோ இருக்கிறதாம். வெட்டிய அடுத்த ஆண்டே விற்றுவிடலாம். வெள்ளைதான் சிவப்புக்குச் சோறு போடுகிறது. தவுராசியைப் பற்றிப் பெரிதாக எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

திங்கட்கிழமை மழை என்று வானிலை அறிக்கை. அதனால் நாளை ஞாயிறாக இருந்தாலும் லாப்பியோவில் ஃபியானோ வெட்டு. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குத் தொடக்கம், கத்தரி தருவார்கள், கையுறை நான் கொண்டுவர வேண்டும். அண்ணன் கார் ஓட்ட மட்டும்தான் வருவேன் என்றார். பத்து நிமிடம் கழித்து, நாள் கூலி எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.